கம்பி அறுந்தாலும் கரண்டு: டெல்டா கிராமங்களுக்கான சோலார் கேள்வி பதில்

கொள்ளிடக் கரைத் திட்டுகளிலும், வேதாரண்யம், தலைஞாயிறு, முத்துப்பேட்டை பக்கத்துக் கடலோர ஊர்களிலும், வயலுக்கு நடுவே பத்து இருபது வீடுகளாக இருக்கும் குடியிருப்புகளிலும் வாழ்பவர்களை மனதில் வைத்து எழுதியது. தஞ்சை, கும்பகோணம் நகரத்து மாடி வீட்டுக்காரர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

எங்கள் ஊரில் ஈ.பி. லைன் இருக்கிறதே, தனி சோலார் எதற்கு?

டெல்டாவில் கம்பி போகாத ஊர் அநேகமாக இல்லை. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பம்ப்செட்டுக்கு 1990 முதல் கட்டணமே கிடையாது. ஆகவே கரண்டு பில்லை மிச்சப்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தில் பேட்டரியோடு சோலார் போட்டால் போட்ட பணம் திரும்பாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

நமக்கு அது தேவைப்படுவது வேறு காரணத்துக்காக. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து, இடுப்பளவு சேற்றில் இறங்கிக் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டார்கள். அப்படி உழைத்தும் உள்ளடங்கிய ஊர்களுக்குக் கரண்டு திரும்ப வாரக்கணக்கில் ஆனது. ஊர்க்காரர்கள் பணம் சேர்த்து ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். செல்போனுக்கு சார்ஜ் ஏற்றவும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. புயலே வேண்டாம், மேட்டூரில் உபரி நீர் திறந்து கொள்ளிடம் பெருகினாலே நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் போன்ற ஊர்களுக்குள் தண்ணீர் வந்துவிடும். அப்போது உயிர்ச்சேதம் ஆகக்கூடாதென்று கரண்டை நிறுத்துவார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும்.

அந்த நாட்களில் விளக்கு, விசிறி, போன், குடிதண்ணீர் நான்கும் நிற்காமல் ஓட வேண்டும். இந்தக் கேள்வி பதில் முழுவதும் அதைப் பற்றித்தான்.

மானியத்தில் மாடியில் சோலார் போட்டிருக்கிறோம். புயல் சமயத்தில் அது ஓடுமா?

ஓடாது. போடும்போது பலரிடம் யாரும் இதைச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் போனால் 78,000 ரூபாய் மானியம் தருகிறார்கள். இது ஈ.பி. லைனோடு இணைந்து ஓடும் சோலாருக்கு. அதிலுள்ள இன்வெர்ட்டர் லைனில் கரண்டு இருக்கிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். லைன் செத்த மறுநொடி தானும் நின்றுவிடும். காரணம் நியாயமானது: தெருவில் லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை செய்யும்போது நம் மாடியிலிருந்து கரண்டு கம்பிக்குப் போனால் அவர் உயிர் போய்விடும். ஆகவே உச்சி வெயில் கொளுத்தினாலும், மாடியில் மூன்று கிலோவாட் பேனல் இருந்தாலும், கம்பி அறுந்த வீட்டில் ஒரு பல்புகூட எரியாது.

இதற்கு மாற்று ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும். லைன் போனதும் அது வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து துண்டித்துக்கொண்டு, உள்ளே மட்டும் கரண்டு கொடுக்கும். இனிமேல்தான் போடப் போகிறீர்கள் என்றால் விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “மெயின் ஸ்விட்சை அணைத்தால் ஃபேன் ஓடுமா?” ஓடும் என்றால், பணம் முழுவதும் கொடுப்பதற்கு முன் அணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு சாதாரண வீட்டுக்கு எத்தனை வாட் பேனல், எவ்வளவு பேட்டரி?

கணக்கு எளிது, நீங்களே போடலாம். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு நான்கு, தினம் ஐந்து மணி நேரம்: 180. முப்பது வாட் பி.எல்.டி.சி. (குறைந்த கரண்டில் ஓடும் புது வகை) ஃபேன் இரண்டு, பத்து மணி நேரம்: 600. சின்ன டி.வி. நான்கு மணி நேரம்: சுமார் 180. போன்களுக்கு 30. மொத்தம் 990 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட். பழைய ஃபேன் என்றால் ஒன்றே 70, 75 வாட் இழுக்கும். அதே கணக்கில் ஃபேனுக்கு மட்டும் ஒன்றரை யூனிட் போய்விடும். ஆகவே பேனல் வாங்குவதற்கு முன் ஃபேனை மாற்றுங்கள். அதைவிட லாபமான செலவு இதில் வேறு இல்லை.

இந்த ஒரு யூனிட்டுக்கு 540 வாட் பேனல் ஒன்று போதும். கோடையில் இழப்பெல்லாம் போக ஏறக்குறைய இரண்டு யூனிட் தரும், ஐப்பசி கார்த்திகை மூட்டத்தில் ஒரு யூனிட் தரும். கோடைக் கணக்கைக் காட்டிப் பாதி அளவு பேனல் போதும் என்பார்கள். நம்பாதீர்கள். நமக்குக் கரண்டு போவது கோடையில் அல்ல.

பேட்டரி இரண்டு நாள் தாங்க வேண்டும். 24 வோல்ட் 100 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) லித்தியம் பேட்டரியில் இரண்டரை யூனிட் அடங்கும். இரண்டு நாளைக்குச் சரியாக வரும். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் பேட்டரிக்கே போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

விற்பவர்கள் பேசாத இரண்டு விஷயங்கள். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே வரும் சார்ஜ் கண்ட்ரோலர் (பேட்டரிக்கு ஏறும் கரண்டை ஒழுங்குபடுத்தும் பெட்டி) எம்.பி.பி.டி. வகையாக, அதாவது பேனலின் முழு சக்தியையும் இழுக்கும் வகையாக இருக்கட்டும். மலிவான பி.டபிள்யு.எம். வகை இவ்வளவு பெரிய பேனலின் சக்தியில் கணிசமான பங்கை வீணாக்கிவிடும். அடுத்தது, இன்வெர்ட்டர் சும்மா ஆன் செய்து வைத்திருந்தாலே 10 முதல் 20 வாட் குடிக்கும். ஒரு நாளில் அது கால் யூனிட், அரை யூனிட். நம் மொத்தத் தேவையே ஒரு யூனிட் என்னும்போது அது பெரிய ஓட்டை. மூட்டமான நாட்களில் தேவையில்லாத நேரம் இன்வெர்ட்டரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேட்டரியிலிருந்து நேரடியாக எரியும் டி.சி. பல்பும் ஃபேனும் போட்டுக்கொள்ளுங்கள்.

மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ்?

அரசு கொடுத்த மிக்சி இரண்டு நிமிடம் ஓடும், அதனால் சாப்பிடும் கரண்டு குறைவு. ஆனால் இன்வெர்ட்டர் அந்த 500, 600 வாட்டைத் தாங்க வேண்டும். கிரைண்டரை வெயில் உச்சியில் இருக்கும்போது போடுங்கள். ஃபிரிட்ஜ் ஒன்றே தினம் முக்கால், ஒரு யூனிட் கேட்கும், அதற்குப் பேனலும் பேட்டரியும் இரட்டிப்பாக வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வைத்திருக்கும் நோயாளி இருந்தால் இந்தச் சின்ன அமைப்பை நம்பவே கூடாது. அது ஒரு நாளைக்கு எட்டு யூனிட் வரை இழுக்கும். புயல் எச்சரிக்கை வந்ததுமே அவரை மருத்துவமனை உள்ள ஊருக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

பேட்டரியில் எது நல்லது, டியூபுலரா லித்தியமா?

கையில் பணம் இருந்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட். அடங்கியதில் 80, 90 சதவீதம் வரை எடுக்கலாம், ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். டியூபுலர் என்பது ஈயமும் அமிலமும் உள்ள பழைய வகை, அதில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். 12 வோல்ட் 150 ஏ.ஹெச். டியூபுலரில் எழுத்துக்கு 1.8 யூனிட், கைக்கு வருவது 0.9. மூன்று முதல் ஐந்து வருடம் வரும்.

ஆனாலும் டியூபுலரை ஒதுக்கிவிட மாட்டேன். கெட்டுப்போனால் திருத்துறைப்பூண்டியிலோ சீர்காழியிலோ பேட்டரிக் கடையில் பார்த்துக்கொள்ளலாம், பழசுக்கு விலையும் கிடைக்கும். லித்தியம் பெட்டிக்குள் இருக்கும் மின்னணுப் பலகை போனால் கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும். பக்கத்தில் சர்வீஸ் இல்லாத கம்பெனியின் லித்தியத்தைவிட, நீங்கள் தவறாமல் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பார்த்துக்கொள்ளும் டியூபுலர் மேல். கிணற்றுத் தண்ணீரையோ போர் தண்ணீரையோ மட்டும் அதில் ஊற்றிவிடாதீர்கள். நம் கடலோரத் தண்ணீரிலுள்ள உப்பு ஒரே பருவத்தில் தகட்டைத் தின்றுவிடும்.

கூரை வீட்டில் பேனல் வைக்க முடியுமா? சுற்றிலும் தென்னை வேறு.

கீற்றுக் கூரை தாங்காது. பேனல் ஒன்று 27, 28 கிலோ, நீளம் ஏழரை அடி. காற்று பிடித்தால் கூரையோடு பிய்த்துக்கொண்டு போகும். ஓட்டு வீட்டிலும் கைமரம் பழசென்றால் வேண்டாம். வாசலில் கான்கிரீட் அடிமானம் போட்டு ஜி.ஐ. பைப்பில் நிறுத்துங்கள். பக்கத்தில் உறவினரின் தொகுப்பு வீடு இருந்தால் அந்தத் தளத்தில் வைத்து ஒயர் இழுப்பது இன்னும் நல்லது. நம் ஊர் 10, 11 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் தெற்குப் பார்த்து ஏறக்குறைய அதே அளவு சாய்த்தால் போதும். அதிகம் நிமிர்த்தினால் காற்றுக்குத்தான் வசதி.

தென்னை நிழலை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேனலுக்குள் செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால், ஒரே ஒரு மட்டையின் நிழல் குறுக்கே விழுந்தாலும் பேனலில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ படுத்துவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். இடம் பார்க்கும்போது தெற்கே நிற்கும் மரங்களின் நிழல் அப்போது எங்கே விழும் என்று யோசித்து வையுங்கள். காய்க்கிற மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு மனமில்லை, பேனலை நகர்த்துங்கள்.

உப்புக் காற்றும் புயலும் பேனலைச் சேதப்படுத்தாதா?

பேனல் கண்ணாடி தாங்கும், தாங்கியும் போல்ட்டும்தான் முதலில் போகும். அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு உப்பளப் பக்கம் சாதாரண இரும்பு எத்தனை நாள் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கால்வனைஸ் இரும்பு அல்லது அலுமினியம், அதோடு ஸ்டெயின்லெஸ் போல்ட் என்று எழுதி வாங்குங்கள். வெல்டிங் வைத்த இடத்தில் வெறும் சில்வர் பெயின்ட் அடித்திருந்தால் அங்கிருந்துதான் துரு தொடங்கும்.

புயலுக்கு முன் பேனலைக் கழற்றி உள்ளே வைக்க முடிகிற மாதிரிப் பொருத்துவதே என் முதல் யோசனை. நான்கு போல்ட், இரண்டு ஒயர் கனெக்டர், இரண்டு ஆள். பதினைந்து நிமிட வேலை. சுவரோடு சாய்த்துக் கட்டி வைத்துவிட்டால் காற்று ஓய்ந்த அன்றே திரும்ப மாட்டி விளக்கு போடலாம். வானிலை மையம் எச்சரிக்கை கொடுத்த பிறகும் நமக்கு ஒரு பகல் இருக்கும்.

வீட்டுக்கு வீடு வைப்பதா, ஊருக்கே ஒன்றாக வைப்பதா?

மற்ற நாடுகளும் மாநிலங்களும் இரண்டையும் செய்து பார்த்துவிட்டன. அதிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

2023 கணக்கில் உலகத்தில் சுமார் 66 கோடிப் பேருக்கு இன்னும் மின்சாரமே இல்லை. பெரும்பகுதி சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கும் ஆப்பிரிக்கா. அங்கே கென்யா போன்ற நாடுகளில் வீட்டு சோலார் பெட்டியைத் தவணையில் கொடுத்து, செல்போன் வழியாகத் தினசரி சிறு தொகை கட்ட வைக்கிறார்கள். கட்டாவிட்டால் பெட்டி பூட்டிக்கொள்ளும். வங்கதேசத்தில் 2003இல் தொடங்கி 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தனித்தனி சோலார் போனது. அதுவும் நம்மைப் போல ஆற்று முகத்துவார நாடு, வெள்ள நாடு. அங்கே அது ஓடியதற்குக் காரணம், விற்ற நிறுவனங்களே கிராமத்தில் ஆள் வைத்துத் தவணையும் வாங்கினார்கள், பழுதும் பார்த்தார்கள். பிறகு அரசுக் கம்பி வேகமாக ஊர் ஊராகப் போனதும் சோலாருக்கான ஆர்வம் குறைந்தது, தவணைகள் நின்றன.

ஊருக்கே ஒன்று என்பதற்கு பீகாரின் தர்னை கிராமத்தைப் பார்க்க வேண்டும். 2014இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அங்கே 100 கிலோவாட் சோலார் நிலையம் கட்டி வீடுகளுக்குக் கம்பி இழுத்தது. தொடக்க விழாக் காலத்திலேயே ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினர் “எங்களுக்கு அசல் கரண்டு வேண்டும்” என்று கேட்டார்கள். கொஞ்ச காலத்தில் அரசுக் கம்பி வந்தது. அது விலையும் குறைவு, ஃபிரிட்ஜும் ஓட்டலாம். சோலார் நிலையத்தின் பேட்டரிகள் சில வருடங்களில் ஓய்ந்தன, மாற்ற ஆளில்லை. மக்கள் கேட்டதில் தவறில்லை. பக்கத்து ஊரில் மோட்டார் ஓடும்போது தங்களுக்கு மட்டும் பல்பு என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

கம்பி ஏற்கெனவே வந்துவிட்ட டெல்டாவில் ஊர் முழுக்கத் தனிக் கம்பி இழுப்பது பணத்தைச் சேற்றில் போடுவதாகும், அந்தக் கம்பியும் அதே புயலில்தான் அறும். வீட்டுக்கு ஒரு சின்ன அமைப்பு, ஊர்ப் பொதுவுக்கு ஒரு அமைப்பு. என் தீர்மானம் இதுதான். கையில் இருப்பது ஒன்றுக்கு மட்டும் போதுமென்றால் பொதுவுக்கே முதலிடம்.

பொதுவில் எதற்கு முதலில்?

தண்ணீர். சந்தேகமே வேண்டாம். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு போரிலிருந்து மொத்தம் 30 மீட்டர் தூக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் இழப்பையும் சேர்த்து ஆறு யூனிட் போதும். இதற்குப் பேட்டரியே தேவையில்லை என்பதுதான் இதன் அழகு. வெயில் இருக்கும்போது ஏற்றிவிட்டால் தண்ணீர் தொட்டியில் இருக்கும், இரவு தானாக இறங்கி வரும். இருக்கிற 5 ஹெச்.பி. மோட்டாரை ஓட்ட ஏறக்குறைய 4,800 வாட் பேனலும், பேனல் கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் டிரைவ் பெட்டியும் வேண்டும். அவ்வளவு முடியாவிட்டால் 1,800 வாட்டில் ஓடும் 2 ஹெச்.பி. சோலார் பம்ப். முழுத் தொட்டி நிரம்பாது, குடிக்கவும் சமைக்கவும் கிடைக்கும்.

அடுத்தது புயல் பாதுகாப்பு மையத்தில் வெளிச்சமும் போன் சார்ஜ் மேசையும். ஒரு போனுக்குப் பத்துப் பதினைந்து வாட்-மணி போதும். ஒரு யூனிட்டில் எழுபது எண்பது போன் ஏறும். வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைக்கு “உயிரோடு இருக்கிறோம்” என்று சொல்ல முடிவது சின்ன விஷயமல்ல.

மூன்றாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது அது. பேட்டரி இல்லாமல் பேனலிலிருந்தே நேராக ஓடி, உள்ளே பனிக்கட்டியாகக் குளிரைச் சேர்த்து வைக்கும் குளிர்பெட்டிகள் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலோடு கிடைக்கின்றன.

வைத்த இரண்டு வருடத்தில் கெட்டுப்போய்விடுகிறதே?

பேனல் 25 வருடம் வரும். அமைப்பு ஓடாமல் நின்றுபோவது பேட்டரியால், அல்லது ஒரு ஃபியூஸால், அல்லது துருப்பிடித்த கனெக்டரால். 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் வீட்டுக்கு ஐந்து சோலார் விளக்கு கொடுத்தார்கள். நல்ல திட்டம். உங்கள் ஊரில் அந்த வீடுகளைப் போய்ப் பாருங்கள்: பேட்டரி ஓய்ந்ததும் பேனல் சும்மா நிற்கும் வீடுகள் இருக்கும், யாரோ ஒரு பையன் பேட்டரி மாற்றிக் கொடுத்து இன்னும் எரியும் வீடும் இருக்கும். வேறுபாடு அந்தப் பையன்தான்.

ஆகவே பொது அமைப்பு வைக்கும் அன்றே மூன்று ஏற்பாடு செய்துவிடுங்கள். ஊரில் இரண்டு பேருக்குப் பயிற்சி. ஒருவராவது கல்யாணமாகி அதே ஊரில் நிலைத்திருக்கும் பெண்ணாக இருந்தால் நல்லது, பையன்கள் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுவார்கள். ராஜஸ்தானில் திலோனியா கிராமத்தின் பேர்ஃபுட் கல்லூரி எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்கே சோலார் வேலை கற்றுக்கொடுத்து வருகிறது, பல நாட்டுப் பெண்கள் அங்கே வந்து கற்றுப் போகிறார்கள். இரண்டாவது, மகளிர் குழுக் கணக்கில் மாதாமாதம் வீட்டுக்கு ஒரு சிறு தொகை. பேட்டரி மாற்ற மட்டும், வேறு எதற்கும் தொடக்கூடாது. மூன்றாவது, ஃபியூஸ், கனெக்டர், ஒரு உபரி சார்ஜ் கண்ட்ரோலர் ஊரிலேயே ஒரு பெட்டியில் இருக்க வேண்டும். சாலை துண்டிக்கப்பட்ட நாளில் மன்னார்குடிக் கடைக்குப் போக முடியாது.

பேனலை வாரம் ஒருமுறை அதிகாலையில் நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். உச்சி வெயிலில் சூடான கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

காற்றாலை, உமி, சாண எரிவாயு, வாய்க்கால் தண்ணீர்?

வாய்க்காலில் வேகம் பார்த்து மயங்க வேண்டாம். தண்ணீரின் சக்தி விழும் உயரத்தில் இருக்கிறது. நம்முடையது தட்டை நிலம். நொடிக்கு ஆயிரம் லிட்டர் ஒரு மீட்டர் விழுந்தால்கூடக் கைக்கு வருவது ஐந்தாறு கிலோவாட், அதுவும் மேட்டூர் திறந்திருக்கும் மாதங்களில் மட்டும்.

உமி நம்மிடம் மலையாகக் கிடக்கிறது, நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு அதுதான். பீகாரில் 2007 வாக்கில் தொடங்கிய ஹஸ்க் பவர் நிறுவனம் உமியை வாயுவாக்கி ஊர்களுக்கு விளக்கு போட்டது. தார் படிந்து இன்ஜின் அடைப்பதும் ஆள் தேவையும் தொல்லையாகி, பிறகு அவர்களே சோலார் பக்கம் சாய்ந்தார்கள். அரிசி ஆலைக்கு ஒத்துவரும், குடியிருப்புக்கு வேண்டாம். சாண எரிவாயு அடுப்புக்கு அருமை, கரண்டுக்கு மாடு போதாது. வீட்டுச் சின்னக் காற்றாலை கடலோரத்திலும் சோலார் அளவுக்கு உழைக்காது. சுழலும் எந்தப் பாகத்தையும் உப்பு விட்டுவைப்பதில்லை.

வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் ஷாக் அடிக்குமா?

பகலில் பேனலை அணைக்க முடியாது, வெளிச்சம் படுகிற நேரமெல்லாம் கரண்டு வரும். வீட்டின் ஒற்றைப் பேனலில் 50 வோல்ட்டுக்கு உள்ளேதான். பம்ப் அமைப்பில் எட்டுப் பேனல் வரிசையாகக் கோத்திருந்தால் 400 வோல்ட் வரை போகும், அது கொல்லும். பேனலிலிருந்து வரும் ஒயரில் தனி டி.சி. ஸ்விட்ச் கட்டாயம் இருக்க வேண்டும், சாதாரண ஏ.சி. ஸ்விட்ச் அதற்கு உதவாது. பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் பழைய வெள்ளக் கோட்டுக்கு மேல், பரண் உயரத்தில் வையுங்கள். டியூபுலர் என்றால் காற்றோட்டமான இடம் வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், அடுப்புப் பக்கம் கூடாது. நனைந்த இன்வெர்ட்டரைக் காய வைத்து நீங்களே போட்டுப் பார்க்க வேண்டாம்.

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் ஆளிடம் கொடுக்காதீர்கள். அமிலம் வாய்க்காலில் இறங்கும், ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். 2022 விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. கடையில் மாற்றும்போதே கொடுத்துவிடுங்கள்.

வயல் பம்ப்செட்டுக்கு?

பிரதமரின் குசும் திட்டத்தில் தனித்து ஓடும் சோலார் பம்புக்கு மானியம் கொடுத்து வந்தார்கள், இப்போதைய நிலையை வேளாண் பொறியியல் துறையில் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இலவச இணைப்புக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு நல்ல வழி. கடலோரத்தில் மட்டும் நிதானம் வேண்டும்: செலவில்லாத வெயிலை நம்பி நாள் முழுக்க இறைத்தால் உப்புநீர் உள்ளே ஏறும்.

ஊராட்சியில் இதை எப்படிக் கேட்பது? லைசென்ஸ் வேண்டுமா?

சொந்த உபயோகத்துக்கு உற்பத்தி செய்ய மின்சாரச் சட்டம் 2003இன்படி லைசென்ஸ் தேவையில்லை. ஈ.பி. லைனோடு இணைத்தால் மட்டும் வாரியத்தின் அனுமதி.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். மே 1 கூட்டத்திலேயே பேசிவிடுங்கள், அக்டோபரில் கேட்டால் மழைக்கு முன் வேலை நடக்காது. “சோலார் வேண்டும்” என்று பொதுவாக எழுதினால் தெருவிளக்கு நான்கு வரும். தீர்மானத்தில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: மேல்நிலைத் தொட்டிக்கு ஈ.பி. இல்லாமலும் ஓடும் சோலார் பம்ப். பாதுகாப்பு மையத்தில் பேட்டரியோடு வெளிச்சமும் சார்ஜ் மேசையும். ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தம். ஊரில் இருவருக்குப் பயிற்சி. ஒவ்வொரு வருடமும் செப்டம்பரில் மெயினை அணைத்து ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்ப்பது.